வீட்டுப் பத்திரத்தின் மேல் ஏறிய கார்டு கடன்

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நாங்கள் கட்ட வேண்டிய கடன்கள் அனைத்தையும் முதன்முறையாக ஒரே தாளில் எழுதினோம். அதுவரை வீட்டுக் கடன் என் கணவரின் தலையிலும், நகைக்கடன் என் தலையிலும், கார்டுகள் இருவர் தலையிலுமாகப் பிரிந்து கிடந்தன. வீட்டுக் கடனில் அசல் பாக்கி 18 லட்சம், மாதத் தவணை 22,945 ரூபாய். தனிநபர் கடனில் பாக்கி 4.10 லட்சம், தவணை 13,915. இரண்டு கிரெடிட் கார்டுகளிலும் சேர்த்து 2.60 லட்சம், அதற்குக் குறைந்தபட்சமாகக் கட்டி வந்தது 13,000. என் ஐந்து பவுன் நகையின் மேல் 1.60 லட்சம், அதற்கு வட்டி மட்டும் மாதம் 1,600. கூட்டிப் பார்த்தபோது மாதம் 51,460 ரூபாய் வந்தது. இருவரின் சம்பளமும் சேர்ந்து அப்போது 82,000. சென்னையை அடுத்த முடிச்சூரில் வீடு, இரண்டு பிள்ளைகள், வயதான மாமனார் மாமியார், இத்தனைக்கும் மீதிப் பணத்தில் எப்படி இத்தனை மாதம் ஓட்டினோம் என்று நான் கேட்டேன். பதில் அந்தத் தாளிலேயே இருந்தது. ஓட்டியது நாங்கள் அல்ல, கார்டுகள்.

கடன் வந்த வழியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் மாமா பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தார். காப்பீடு பாதிக்குத்தான் வந்தது. கணவர் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில் முந்தைய ஆண்டு வெட்டிய சம்பளம் இன்னும் முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை. மாமா நல்லபடியாக வீடு திரும்பினார், அதற்காக எதை அடகு வைத்திருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தச் செலவு கார்டுகளில் ஏறி, ஏறிய இடத்திலேயே வளர்ந்தது. 2023 மார்ச்சில், கார்டுகளை அடைப்பதற்கென்றே 15 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுகளுக்கு 5 லட்சம் தனிநபர் கடன் எடுத்தோம். கார்டுகள் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தன. அதன் பிறகு ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆகஸ்டில் நாத்தனார் வீட்டு விசேஷம், டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து குளிர்பதனப் பெட்டியும் ஸ்கூட்டரும் போனது. பதினொரே மாதத்தில் கார்டுகள் மறுபடியும் 2.60 லட்சத்தில் நின்றன, தனிநபர் கடனும் கூடவே நின்றது. கடனைக் கடனால் அடைப்பது எப்படி முடியும் என்பதை நாங்கள் ஒருமுறை செய்தே பார்த்திருந்தோம் என்பது பின்னால் எடுத்த முடிவுக்கு மிக முக்கியமாக இருந்தது.

கார்டு வட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுபவள், அப்படியிருந்தும் என் சொந்த அறிக்கையை அதுவரை வரி வரியாகப் படித்ததில்லை. மாதத்துக்கு 3.5 சதவீதம் என்று போட்டிருந்தது, ஆண்டுக்கு 42. எங்கள் 2.60 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 9,100 ரூபாய், அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,638 ரூபாய். நாங்கள் ஒழுங்காக, ஒருநாள் கூடத் தவறாமல், பெருமையோடு கட்டிக்கொண்டிருந்த 13,000 ரூபாயில் அசலுக்குப் போனது 2,262 ரூபாய் மட்டுமே. அந்த மாதம் அதே கார்டில் 3,000 ரூபாய்க்கு மளிகை வாங்கியிருந்தாலே கடன் குறையாமல் கூடியிருக்கும். இதற்கு உச்சவரம்பும் இல்லை. 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றி, அதன் மேல் டாப்-அப், அதாவது அதே வீட்டின் அடமானத்தில் கூடுதல் கடன், வாங்கி எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்ற யோசனை கணவருடையது. மாற்றுவதற்குத் தனிக் காரணமும் இருந்தது. எங்கள் கடன் ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் இருந்தது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டபோது, அந்த உத்தரவு வங்கிகளுக்கானது, நிதி நிறுவனங்களுக்கு அல்ல. 2020 மே முதல் 2022 மே வரை ரெப்போ விகிதம் 4 சதவீதத்தில் கிடந்த இரண்டு ஆண்டுகளிலும் எங்கள் வட்டி பெயருக்குத்தான் இறங்கியது. ரெப்போ ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.50-ஐத் தொட்டபோது எங்கள் வட்டி 10.40-க்கு ஏறி நின்றது. இறங்கும்போது மெதுவாகவும் ஏறும்போது வேகமாகவும் நடக்கும் கடனை வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது, நிதி நிறுவனங்களுக்கும் அதே விதி இருக்கிறது. எனவே வெளியேற வழி திறந்தே இருந்தது.

வங்கியில் எங்களிடம் பேசிய அதிகாரி பொறுமையானவர். நான்கு கடன்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, கால்குலேட்டரைத் தட்டி, அதன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "மொத்தம் 26 லட்சத்து 30 ஆயிரம், பதினைந்து வருஷம், 9 பர்சென்ட். மாதம் 26,675 தான் மேடம் வரும்" என்றார். 51,460 கட்டிக்கொண்டிருந்த இடத்தில் 26,675. என் கணவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. இரண்டு ஆண்டுகளாக அவர் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு நிமிடத்தை அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் வீட்டுக்கு வரும்வரை நான் எதுவும் சொல்லவில்லை.

இரவு கணக்குப் போட்டேன். முதலில் தனிநபர் கடனை மட்டும் தனியாக எடுத்தேன். அதில் மீதி 37 தவணைகள். அப்படியே கட்டி முடித்தால் 5,14,855 ரூபாய் போகும், அதாவது இனிமேல் கட்டப்போகும் வட்டி 1.05 லட்சம். அதே 4.10 லட்சத்தை வீட்டின் மேல் 9.25 சதவீதத்துக்கு மாற்றி, வீட்டுக் கடனில் மிச்சமிருந்த பதினோரு ஆண்டுகளுக்குப் பரப்பினால் தவணை 4,961-ஆகச் சுருங்கும், ஆனால் மொத்தம் 6.55 லட்சம் கட்டியிருப்போம், வட்டி 2.45 லட்சம். வட்டி விகிதம் 15-இலிருந்து 9.25-க்குக் குறைகிறது, கையிலிருந்து போகும் வட்டி இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. இதை நான் மூன்று முறை சரிபார்த்தேன். விகிதத்தைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு இது நம்பும்படியாக இல்லை. மூன்றாண்டில் முடிய வேண்டிய கடனைப் பதினோரு ஆண்டுக்கு இழுக்கும்போது, குறைந்த வட்டியும் அத்தனை ஆண்டுகள் ஓடுகிறது என்பதுதான் விஷயம். அதோடு, தனிநபர் கடனை முன்கூட்டி முடிக்க அந்த நிறுவனம் 4 சதவீதக் கட்டணமும் கேட்டது, 16,000 ரூபாய்க்கு மேல்.

கார்டுக் கடனை எடுத்தபோது கணக்கு நேர் எதிராக வந்தது. 2.60 லட்சத்தைப் பதினோரு ஆண்டுக்கே பரப்பினாலும் மொத்த வட்டி 1.55 லட்சம்தான். கார்டில் விட்டிருந்தால் அந்த 1.55 லட்சத்தை ஒன்றேகால் ஆண்டுக்குள் வட்டியும் வரியுமாகக் கொடுத்திருப்போம். ஆகவே வீட்டின் மேல் கடனை ஏற்றுவது நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதில் பொருளில்லை. எந்தக் கடன், அதில் இன்னும் எத்தனை தவணை, அதை எத்தனை ஆண்டுக்கு நீட்டப்போகிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வங்கி அப்படிக் கேட்காது. வங்கி மாதத் தவணையைச் சொல்லும், கடனில் மூச்சு முட்டிக் கிடப்பவருக்கும் அந்த ஒரு எண்தான் காதில் விழும்.

இரண்டாவது விஷயம் எண்களுக்கு வெளியே இருந்தது. எங்கள் உறவில் ஒருவர், கடை முதலுக்காக வீட்டின் மேல் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போய், அவர் வீட்டு வாசல் இரும்புக் கதவில் வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். பசை காய்ந்து ஓரங்கள் சுருண்டிருந்தன. அதைக் கிழிக்க அஞ்சி, வருவோர் போவோர் படிக்காதபடி அவர் மனைவி அதன் மேல் ஒரு கோலமாவுப் பையைத் தொங்கவிட்டிருந்தார். அதே அறிவிப்பு தமிழ்ச் செய்தித்தாளில் சுவாதீன அறிவிப்பு (சொத்தை வங்கி தன் கைவசம் எடுக்கும் அறிவிப்பு) என்ற தலைப்பில் பெயர், சர்வே எண், நான்கு எல்லைகளோடு வந்தது. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, தவணை 90 நாள் தவறி வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்டால், வங்கி 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்பலாம், அதற்குள் கட்டாவிட்டால் நீதிமன்றத் தீர்ப்பு ஏதும் பெறாமலேயே அடமானச் சொத்தைச் சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கையைத் தொடங்கலாம். கார்டுக் கடனுக்கும் தனிநபர் கடனுக்கும் இந்த வழி கிடையாது. வசூல்காரர்கள் போனில் வதைப்பார்கள், சிபில் மதிப்பெண் விழும், வழக்கும் வரலாம், ஆனால் வழக்காடித் தீர்ப்பு பெறாமல் வீட்டின் மேல் கை வைக்க முடியாது. மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் தேய்த்த கடனை வீட்டுப் பத்திரத்தோடு கட்டும் நாளில், நாம் கொடுப்பது வட்டியை மட்டும் அல்ல, இந்தப் பாதுகாப்பையும் சேர்த்துத்தான்.

இதை நான் சொன்னபோது கணவர் கோபப்படவில்லை, ஆனால் நியாயமாக ஒன்று கேட்டார். "பதினைந்து வருஷத்துக்கு வாங்கிக்கொள்வோம், மிச்சமாகும் 24,000-ஐ மாதாமாதம் அசலில் கட்டிவிடுவோம், அபராதம்தான் இல்லையே?" என்றார். தாளில் அது சரியான வழி. தவணை குறைவாக இருந்தால் ஒரு கெட்ட மாதத்தில் மூச்சுவிட இடமும் இருக்கும். ஆனால் 2023-லும் நாங்கள் இதையேதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். கட்டாயமில்லாத தவணையை எங்களால் கட்ட முடியவில்லை என்பதற்கு அந்தப் பதினொரு மாதங்களே சாட்சியாக இருந்தன. எங்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. எங்கள் வீட்டில் செலவு எப்படி வருகிறது என்பதை அறிந்துதான் சொன்னேன்.

கடைசியில் வீட்டுக் கடன் 18 லட்சத்தை 8.75 சதவீதத்துக்கு, மிச்சமிருந்த 132 மாதங்களுக்கே மாற்றினோம், ஒரு மாதம் கூட நீட்டவில்லை. தவணை 21,282 ஆனது. கார்டுகளுக்கும் நகைக்கும் மட்டும் 4.20 லட்சம் டாப்-அப் வாங்கினோம், 9.25 சதவீதம், அதைத் தனிக் கணக்காக ஐந்தே ஆண்டுக்கு வைத்துக்கொண்டோம், தவணை 8,769. தனிநபர் கடனைத் தொடவில்லை. ஐந்து ஆண்டு என்று நாங்கள் கேட்டபோது அதிகாரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "தவணை கூடுமே மேடம்" என்றார். கூடட்டும் என்றோம். மொத்தம் மாதம் 43,966. முன்பைவிட 7,494 ரூபாய் குறைவு. 24,785 குறைந்திருக்க வேண்டிய இடத்தில் 7,494 மட்டும் குறைவது கண்ணுக்கு ஏமாற்றமாகத் தெரிந்தது. ஆனால் இந்த வழியில் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து இனிமேல் நாங்கள் கொடுக்கும் வட்டி ஏறத்தாழ 12.20 லட்சம், பதினைந்து ஆண்டு வழியில் 21.70 லட்சத்துக்கு மேல். இடையில் இருக்கும் 9.5 லட்சம் என் மகளின் கல்லூரிப் படிப்பு.

அந்த 7,494-இல் 5,000 ரூபாயை முதல் மாதத்திலிருந்தே தொடர் வைப்பில் போட்டோம். கார்டுகள் மறுபடி நிரம்பியதற்கு ஆடம்பரம் காரணமில்லை. அவசரத்துக்கு எடுக்க வேறு பணமே இல்லாததுதான் காரணம். அந்த ஓட்டையை அடைக்காமல் கடனை இடம் மாற்றினால், ஓராண்டில் வீட்டின் மேலும் கடன் இருக்கும், கார்டிலும் கடன் இருக்கும். ஒரு கார்டை முழுவதுமாக மூடினோம், மற்றொன்றின் வரம்பை 40,000-க்குக் குறைக்கச் சொன்னோம். குறைக்கச் சொல்லி எழுதிய மறு மாதமே வரம்பை 3 லட்சமாக உயர்த்தித் தருவதாகக் குறுஞ்செய்தி வந்தது. இப்போதும் வருகிறது.

மாற்றும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய நிறுவனத்திடம் பாக்கிக் கடிதமும், அவர்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் எழுதி வாங்க வேண்டும். புதிய வங்கியின் வழக்கறிஞர் மூலப் பத்திரத்திலிருந்து பார்ப்பார், மதிப்பீட்டாளர் வந்து வீட்டை அளப்பார். தமிழ்நாட்டில், கடனுக்கு ஈடாக மூலப் பத்திரத்தை வங்கியிடம் கொடுத்ததைச் சொல்லும் பத்திர ஒப்படைப்பு ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கடன் தொகையில் 0.5 சதவீத முத்திரைத் தீர்வை எங்கள் 22.20 லட்சத்துக்கு 11,100 ரூபாய் வந்தது, பதிவுக் கட்டணம் தனி. செயலாக்கக் கட்டணம், வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் எல்லாம் சேர்த்துச் சுமார் 32,000 ஆயிற்று. வீட்டுக் கடன் தவணையில் மாதம் 1,663 குறைவதால் இந்தச் செலவு ஈடாகவே 19 மாதங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொண்டோம். கடன் முடியச் சில ஆண்டுகளே இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் மாற்றப் போகக் கூடாது. வருமான வரியிலும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பழைய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கிடைக்கும் கழிவு, கார்டு அடைக்க வாங்கிய டாப்-அப் வட்டிக்குக் கிடைக்காது. பணம் வீட்டை வாங்கவோ கட்டவோ செலவாகியிருந்தால் மட்டுமே அது பொருந்தும், பழுது பார்க்கச் செலவானால் வரம்பு 30,000 ரூபாய்தான்.

நகையை மீட்ட நாளை எழுதாமல் விட முடியவில்லை. கவுண்ட்டரில் அந்தப் பெண் முத்திரையிட்ட துணிப்பையைப் பிரித்து, சிவப்பு மசியில் எண் எழுதிய அட்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக் காட்டினார். இரண்டு வளையலும் ஒரு சங்கிலியும். வளையல் ஒன்றில், அடகு வைத்த அன்று மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்த இடம் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தை அதை வாங்கி, சேலைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. "இருக்கட்டும்மா, கையில் இருக்கிறதே" என்று எனக்குப் போட்டுவிட்டார்.

2025-ல் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என நான்கு முறையாக ரெப்போ 6.50-இலிருந்து 5.25-க்கு இறங்கியது. எங்கள் கடன் ரெப்போவோடு கட்டப்பட்டிருப்பதால் வட்டியும் கூடவே இறங்கியது. வட்டி மாறும்போது தவணையை மாற்றுவதா, காலத்தை மாற்றுவதா என்று கடன்தாரருக்குத் தேர்வு தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தவணை அப்படியே இருக்கட்டும், மாதங்கள் குறையட்டும் என்று எழுதிக் கொடுத்தோம். தனிநபர் கடனின் கடைசித் தவணை 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கடுத்த மாதம் முதல் அந்த 13,915 டாப்-அப் கணக்குக்குப் போகும்படி நிரந்தர உத்தரவை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கையில் பணம் இருக்கிறது என்று தோன்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இன்னொரு வேலையும் இருந்தது, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மாற்றி முடித்த பிறகு வில்லங்கச் சான்றிதழை இணையத்தில் எடுத்துப் பார்த்தபோது, புதிய வங்கியின் ஒப்படைப்பு ஆவணம் ஏறியிருந்தது, பழைய நிறுவனத்தின் அடமானமும் அப்படியே நின்றது. கடன் முடிந்ததற்கான ரசீது ஆவணத்தை அவர்கள் பதிந்திருக்கவில்லை. கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவில் உள்ள பொறுப்பையும் நீக்க வேண்டும், தாமதம் அவர்களுடையதாக இருந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதி ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். ஆறாம் நாள் அவர்களுடைய ஆள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட்டார். மறுவாரம் எடுத்த சான்றிதழில், 2014-ல் நாங்கள் வீடு வாங்கிய பதிவுக்குக் கீழே பழைய அடமானம், புதிய ஒப்படைப்பு, பழைய அடமானத்தின் ரசீது என்று மூன்று வரிகள் வரிசையாக இருந்தன. அதை அச்செடுத்து, அன்று கடன்களை எழுதிய தாளோடு சேர்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.